நகத்தின் அடியில் வளரும் எலும்பு



பிரசவம், காசநோய், இருதய நோய் என்று பெரிய காரியங்களைப் பற்றியே உங்களுக்கு அதிகமாக எழுதுகிறோம். இம்முறை ஒரு சிறிய காரியத்தை எடுத்துக்கொண்டோம். கால் பெருவிரல் நகத்தின் அடியில் வளரும் ஓர் எலும்புக் கட்டி அது. உயிரைக் கொல்லும் நோய் அன்று. அடிக்கடி காணும் நோயும் அன்று. ஆனாலும் இதைச் சரியாக அடையாளம் காணாவிட்டால் இரண்டு விதமான கேடு நேரிடலாம். சாதாரண மரு என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து பூசிக்கொண்டிருக்க, பிள்ளை நொண்டிக்கொண்டே பள்ளிக்குப் போகும். அல்லது புற்றுநோய் என்று பயந்து, எடுக்கத் தேவையில்லாத விரலையே எடுத்துவிடும் நிலை வரும். ஒரு எக்ஸ்ரே படமும் ஒரு சிறிய அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் இந்த இரண்டையும் தவிர்த்துவிடும். ஆகவேதான் இதைப் பற்றி விளக்கமாக எழுதுகிறோம்.

இது என்ன கட்டி?

நம்முடைய ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உண்டு. பெருவிரலில் இருப்பவை இரண்டு. அவற்றில் நுனியில் உள்ள சிறிய எலும்பின் மேல்தான் நகம் அமர்ந்திருக்கிறது. நகத்துக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நகப்படுகை மாத்திரமே உண்டு; மெத்தை போன்ற சதை கிடையாது. ஆகையால் அந்த எலும்பிலிருந்து ஒரு பட்டாணி அளவுக்கு ஏதாவது வளர்ந்தாலும் அதற்கு இடம் இல்லை. அது நகத்தை மேலே தள்ளும். அல்லது நகத்தின் ஓரமாகப் பிதுங்கி வெளியே வரும். வேறு இடத்தில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருந்திருக்கக்கூடிய கட்டி, இங்கே வலியைக் கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

கட்டியின் உள்பகுதி சாதாரண எலும்பு. அதன் தலையில் ஒரு தொப்பிபோலக் குருத்தெலும்பு மூடியிருக்கும். அந்தத் தொப்பியில்தான் வளர்ச்சி நடக்கிறது. குருத்தெலும்பு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாற, கட்டி மெல்ல உயர்கிறது. இது அக்கம்பக்கத்துத் திசுக்களை அரித்துத் தின்பதில்லை; இரத்தத்தின் வழியாக வேறு உறுப்புகளுக்குப் பரவுவதும் இல்லை. ஆகவே இது தீங்கற்ற கட்டிகளின் வகையைச் சேர்ந்தது.

இதை முதலில் விவரித்தவர் பாரிஸ் நகரத்துப் புகழ்பெற்ற அறுவை வைத்தியர் டுப்யூட்ரென் என்றும், ஆண்டு 1817 என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவர் பணியாற்றிய ஓத்தெல்-டியூ மருத்துவமனையின் பெயருக்குக் கடவுளின் இல்லம் என்று பொருள் சொல்லலாம். எக்ஸ்ரே கதிர்களை ரோண்ட்கன் கண்டுபிடித்தது 1895 இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் இது எலும்பிலிருந்து வருகிறது என்று அறிந்தார்கள். இன்றும் முதல் பரிசோதனை அதுதான்.

யாருக்கு வருகிறது? ஏன் வருகிறது?

பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு வருகிறது. பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், வேலைக்குப் புதிதாய்ப் போகும் வாலிபர் ஆகியோரே அதிகம். எந்த விரலிலும் வரலாம் என்றாலும் பெருவிரலில் வருவதே மிகுதி. அதிலும் உள்பக்க ஓரத்தில். கை விரல்களில் அபூர்வம்.

காரணம் இன்னதென்று ஒரே வார்த்தையில் சொல்ல இயலாது. சிலருக்கு முன்பு அடிபட்டிருக்கும்: கல்லில் இடறியது, பந்தை உதைத்தது, கதவு விழுந்தது. சிலருக்கு இறுக்கமான ஷூ நாள்தோறும் விரலை நெருக்கியிருக்கும். சிலருக்கு நகச்சுற்று வந்து நெடுநாள் ஆறாமல் இருந்திருக்கும். எந்தக் காரணமும் நினைவுக்கு வராதவர்களும் உண்டு. ஆகவே வெகுகாலம், இது காயத்துக்கு எலும்பு காட்டும் பதில் என்றே கருதினார்கள். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த ஆய்வுகளில், இந்தக் கட்டியின் உயிரணுக்களில் எக்ஸ் குரோமோசோமுக்கும் 6 ஆம் குரோமோசோமுக்கும் இடையே துண்டுகள் இடம் மாறியிருப்பது தெரியவந்தது. இந்த மாற்றம் கட்டிக்குள் மாத்திரமே உள்ளது. பெற்றோரிடமிருந்து வந்ததும் அன்று, பிள்ளைகளுக்குப் போவதும் அன்று. ஆகவே இது காயத்தின் விளைவு மாத்திரம் அல்ல, ஒரு தீங்கற்ற புது வளர்ச்சியே என்று கருத இடம் உண்டு.

எங்களிடம் வருவதற்கு முன்

இப்படி வருகிறவர்களின் சரித்திரம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகத்தின் ஓரத்தில் சிறிய தடிப்பு ஒன்று தெரிகிறது. வீட்டில் நகச்சுற்று என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுகிறார்கள். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுகிறார்கள். பிறகு மருந்துக் கடையில் பாலுண்ணி என்று சொல்லி அமிலம் கலந்த மருந்து வாங்கிப் பூசுகிறார்கள். மேல்தோல் வெந்து உரிகிறது. கட்டி அப்படியே இருக்கிறது. யாரோ பிளேடால் சீவி எடுக்கிறார்கள். இரத்தம் கொட்டுகிறது, சீழ் பிடிக்கிறது. பிறகு நகம் சதைக்குள் வளர்கிறது என்று நகத்தைப் பிடுங்குகிறார்கள். புதிய நகமும் அதே இடத்தில் தூக்கிக்கொண்டே முளைக்கிறது.

இதற்குள் ஓர் ஆண்டு கடந்துவிடும். பிள்ளை ஷூ போட முடியாததால் விளையாட்டு வகுப்புக்குப் போவதில்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிடுவார்களோ என்று பயந்து ஒதுங்கி நிற்கிறாள். ஆறாத புண்ணைப் பார்த்த அக்கம்பக்கத்தார் குஷ்டமோ, புற்றோ என்று கிசுகிசுக்கத் தொடங்குவார்கள். தாயார் கேட்கும் முதல் கேள்வி, “விரலை எடுக்க வேண்டி வருமா, டாக்டர்?” என்பதாகவே இருக்கும். பட்டாணி அளவுக் கட்டி ஒரு குடும்பத்தின் நிம்மதியை எவ்வளவு கெடுத்துவிடுகிறது என்பதை இதிலிருந்து நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

தொட்டுப் பார்ப்பதில் தெரிவது

முதலில் நர்ஸ் காலை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைப்பார். பூசிய பற்றும் காய்ந்த சீழும் போன பிறகுதான் கட்டி உள்ளபடி தெரியும். சீடர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரை நினைக்காமல் இந்த வேலையைச் செய்ய எங்கள் நர்ஸ்களால் முடிவதில்லை.

பிறகு டாக்டர் கட்டியை விரலால் அழுத்திப் பார்ப்பார். மருவும் சதை வளர்ச்சியும் மெத்தென்று இருக்கும், ஓரளவு அசையும். இந்தக் கட்டியோ கல்போல் இருக்கும், அசையாது. இந்த ஒரு வேறுபாடே எக்ஸ்ரே எடுக்கப் போதுமான காரணம். ஆனால் தொட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஏனெனில் நகத்தின் அடியில் வருகிற பல நோய்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மரு, கால் ஆணி, சதைக்குள் வளரும் நகம், பூஞ்சைக் காளானால் தடித்த நகம், தொட்டால் இரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ச்சி, குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று வலிக்கும் இரத்தக் குழாய்க் கட்டி என இந்தப் பட்டியல் நீளும். இவற்றோடு இரண்டு புற்றுநோய்களையும் மனதில் வைக்க வேண்டும். ஒன்று தோல் புற்றுநோய். மற்றொன்று மெலனோமா என்னும் கொடிய வகை. நம்மைப் போன்ற கருநிறத் தோலுடையவர்களுக்கு மெலனோமா மிகக் குறைவு. ஆனால் வருகிறவர்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே அது அதிகமாக வருகிறது. சில வேளைகளில் அது கறுப்பாகக்கூட இருப்பதில்லை. ஆகையால் நகத்தின் அடியில் ஆறாமல் இருக்கும் எதையும் அலட்சியம் செய்வதில்லை என்பது நல்ல வைத்தியத்தின் முதல் விதி.

எக்ஸ்ரே காட்டுவது

பெருவிரலை நேராக ஒரு படமும், பக்கவாட்டில் ஒரு படமும் எடுக்கிறோம். பக்கவாட்டுப் படமே முக்கியமானது. மற்ற விரல்களின் நிழல் குறுக்கே விழாதபடி அவற்றைத் துணிப்பட்டையால் ஒதுக்கிப் பிடித்துப் பெருவிரலைத் தனியே படம் எடுக்க வேண்டும். நேரான படத்தை மாத்திரம் பார்த்தால் கட்டி எலும்பின் நிழலோடு கலந்து மறைந்துபோகக்கூடும்.

பக்கவாட்டுப் படத்தில், விரல் நுனி எலும்பின் மேற்புறத்திலிருந்து ஒரு சிறு மொட்டு நகத்தை நோக்கி எழும்பியிருப்பது தெளிவாகத் தெரியும். அடிப்பாகம் எலும்போடு ஒட்டியிருக்கும். எலும்பு அரிக்கப்பட்டிருக்காது. குருத்தெலும்புத் தொப்பி எக்ஸ்ரேயில் விழாது; ஆகவே கையில் தட்டுப்படுவதைவிடப் படத்தில் கட்டி சிறியதாகவே தோன்றும். மிக ஆரம்ப நிலையில் பெரும்பகுதி குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்படிப்பட்டவர்களைச் சில வாரங்கள் கழித்துத் திரும்ப வரச் சொல்லி மறுபடியும் படம் எடுப்போம்.

பெரும்பாலோருக்கு இதற்கு மேல் ஸ்கேன் தேவைப்படுவதில்லை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிறிய கிராம மருத்துவமனையிலும் கண்டுபிடிக்கக்கூடிய நோய் இது. தேவைப்படுவது, படம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பதுதான்.

நுண்நோக்கியில் ஓர் எச்சரிக்கை

எடுத்த கட்டியை எறிந்துவிடாமல், பேதாலஜி பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம். அங்கே மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்ப்பார்கள். நார் கலந்த குருத்தெலும்பு மேலே, எலும்பு கீழே என்று ஒழுங்காக இருந்தால் சந்தேகம் இல்லை.

ஆனால் இங்கே ஒரு அபாயம் உண்டு. வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் குருத்தெலும்பின் உயிரணுக்கள் பெரிதாகவும் நெருக்கமாகவும் காணப்படும். முழு விவரம் தெரியாமல் அந்தத் துணுக்கை மாத்திரம் பார்க்கிறவருக்கு அது குருத்தெலும்புப் புற்றுநோய் போலத் தோன்றக்கூடும். 1983 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த நோரா, டாலின், பீபௌட் என்ற மூவர், கைகளிலும் கால்களிலும் வளரும் இதற்கு நெருங்கிய ஒரு கட்டியைப் பற்றி 35 நோயாளிகளின் விவரங்களோடு எழுதினார்கள். அதுவும் தீங்கற்றதே. ஆனால் நுண்நோக்கியில் அதன் தோற்றம் மிகவும் விசித்திரமாக இருப்பதால் அதன் பெயரிலேயே விசித்திரம் என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்தார்கள். எடுத்த பின் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மறுபடியும் வளர்வதால், புற்றுநோய் என்ற பயம் இன்னும் கூடிவிடுகிறது.

இதைத் தவிர்க்க ஒரு எளிய ஒழுங்கு உண்டு. துணுக்கோடு எக்ஸ்ரே படமும், நோயாளியின் வயதும், கட்டி எந்த விரலில் எந்த இடத்தில் இருந்தது என்ற குறிப்பும் சேர்ந்தே போக வேண்டும். எலும்புக் கட்டியைப் பொறுத்தவரை எக்ஸ்ரே பார்க்கிறவர், நுண்நோக்கியில் பார்க்கிறவர், அறுவை செய்தவர் ஆகிய மூவரும் ஒருமித்துச் சொல்லும் முடிவே நம்பத்தக்கது. ஒருவர் மாத்திரம் சொன்னதைக் கேட்டு விரலை எடுக்கக் கூடாது.

சிகிச்சை

இந்தக் கட்டியை மாத்திரையோ களிம்போ கரைக்காது. வலியும் தொந்தரவும் இருந்தால் அறுத்து எடுப்பதே வழி. முழு மயக்கம் தேவையில்லை. விரலின் அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுகிறோம். சிறு பிள்ளைகளுக்கு மாத்திரம் தூங்க வைக்கும் மருந்து தேவைப்படலாம். இரத்தம் மறைக்காமல் தெளிவாகத் தெரிவதற்காக விரலின் அடியில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டுகிறோம். முடிந்தவுடன் அதை அவிழ்த்துவிட்டதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும் என்பது அறுவை அறையின் ஒழுங்கு.

நகத்தின் ஒரு பகுதியை, தேவையானால் முழுவதையும், மெதுவாகத் தூக்கி எடுப்பார்கள். நகப்படுகையைக் கட்டியிலிருந்து பிரிப்பதுதான் பொறுமை வேண்டிய வேலை. அது கிழிந்தால் பிற்பாடு நகம் கோணலாக முளைக்கும். பிறகு சிறிய உளியால் கட்டியை அடியோடு வெட்டி, குருத்தெலும்பில் துளியும் விடாமல், நல்ல எலும்பு தெரியும்வரை சுரண்டி எடுப்பார்கள். கட்டி விரல் நுனியில் இருந்து நகப்படுகை கெடாமல் இருந்தால், நகத்தைத் தொடாமலே நுனியில் கீறி எடுக்கவும் முடியும். மெல்லிய நூலால் தைத்துக் கட்டுப் போடுவதோடு வேலை முடிகிறது. எல்லாம் சேர்ந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம்.

சர்க்கரை நோயாளிகளிடம் மாத்திரம் கூடுதல் கவனம் தேவை. காலில் இரத்த ஓட்டம் எப்படி, தொடு உணர்வு எப்படி என்று முதலில் பார்க்க வேண்டும். 1946 முதல் வேலூரில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டு, குஷ்டரோகிகளின் கால்கள் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் அவர்களுக்கு வலி தெரியாததே என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். உணர்வு இழந்த சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே ஆபத்து உண்டு. எலும்பு உள்ளிருந்து தோலைத் துளைத்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் ஒருவகையில் பாக்கியவானே.

வீட்டுக்குப் போன பிறகு

முதல் சில நாட்கள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கட்டு நனையக் கூடாது. தையல் பிரிக்கவோ காயத்தைப் பார்க்கவோ ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும். முன்பக்கம் திறந்த செருப்பு போதும். இறுகிய ஷூ சில வாரங்களுக்கு வேண்டாம். கால் பெருவிரல் நகம் மெதுவாக வளரும். முழுவதும் முளைக்க ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். இதை முன்னமே சொல்லிவிட்டால் யாரும் கவலைப்படுவதில்லை.

முழுவதும் எடுக்கப்பட்ட கட்டி பெரும்பாலோருக்குத் திரும்ப வருவதில்லை. சிலருக்கு வருகிறது, குருத்தெலும்பில் கொஞ்சம் தங்கிவிட்டதே அதற்கு வழக்கமான காரணம். ஆகவே வலி போய்விட்டாலும் முதல் ஓர் ஆண்டு பரிசோதனைக்கு வர வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். தொலைவிலிருந்து வருகிறவர்கள் பஸ் செலவை நினைத்து இந்த வருகையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். அதனால் ஏழை நோயாளிகளுக்கு வழிச்செலவுக்கு உதவுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நண்பர்கள் கேட்கும் சில கேள்விகள்

இது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறுமா? மாறுவதில்லை என்பதே இதுவரை உள்ள மருத்துவ அனுபவம். ஆனால் கட்டி இதுதான் என்று பரிசோதனையில் உறுதியான பிறகே இப்படித் தைரியம் சொல்லலாம்.

பால், முட்டை, கால்சியம் மாத்திரை அதிகமாகச் சாப்பிட்டதால் எலும்பு வளர்ந்ததா? இல்லை. பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்தவேண்டாம்.

பரம்பரையாக வருமா? நகத்தடிக் கட்டி பரம்பரை நோய் அன்று. ஆனால் முழங்கால், தோள், மணிக்கட்டு என்று பல இடங்களில் எலும்பு முண்டுகள் உள்ள ஒரு பரம்பரை நோய் உண்டு. அதில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அபூர்வமாகப் புற்றாக மாறுவதும் உண்டு. உடம்பில் வேறு முண்டுகள் உண்டா என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. அந்தப் பிள்ளையை ஒதுக்கி வைக்கக் காரணமே இல்லை.

வலி இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டுமா? எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்து, சிறியதாக, தொந்தரவின்றி இருந்தால் பொறுத்திருந்து கவனிக்கலாம். வளர்ந்தாலோ, புண் ஆனாலோ, சந்தேகம் இருந்தாலோ எடுத்துவிடுவதே நல்லது.

முடிவாக ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலோ, ஞாயிறு பள்ளியிலோ, தெருவிலோ நகத்தின் ஓரத்தில் கடினமான தடிப்போடு நொண்டி நடக்கும் பிள்ளை ஒன்றைக் கண்டால், பிளேடால் சீவவும் அமிலம் பூசவும் விடாதேயுங்கள். அருகிலுள்ள ஏதாவது ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், விரலைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். எங்களிடமே வர வேண்டும் என்பதில்லை. அந்த ஒரு வார்த்தை ஒரு பிள்ளையின் பல மாத வலியைக் குறைக்கும். நீங்கள் அனுப்பும் காணிக்கை எக்ஸ்ரே படமாகவும், மரத்துப்போகும் ஊசியாகவும், கட்டுத் துணியாகவும், வழிச்செலவாகவும் இப்படிப்பட்டவர்களைச் சென்று சேருகிறது. இந்த ஊழியத்தையும் இதில் பணிபுரிகிறவர்களையும் தொடர்ந்து உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.